பயிற்சிக்கு மட்டும்

புதிய ஃபிரேம்வொர்க்கைக் கற்க
செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றைக்
கட்டிப் பார் என்கிறது பாடம்.
பால் வாங்கு. நாயைக் குளிப்பாட்டு. பல் டாக்டரைப் பார்.
என்னிடம் நாய் இல்லை.
நாற்பத்து மூன்று வயதில்
யாரோ ஒருவனுடைய ஞாயிற்றுக்கிழமையைத்
தட்டச்சு செய்ய விரல் வரவில்லை.

லிஃப்டை எடுத்துக்கொண்டேன்.

திபிலீசியில், கில்தானியில், எங்கள் ஒன்பது மாடிக் கட்டிடத்தில்
காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
இறங்குவது இலவசம்.
மார்ச்சிலிருந்து அது
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கிறது.
கேபிள் மாற்ற வீட்டுக்கு அறுபது லரி.
யார் தந்தார், யார் இன்னும் தரவில்லை என்பது
நாலாம் மாடி லம்சீராவின் நாட்காட்டிப் பின்பக்கத்தில்
எண்ணெய்க் கறையோடு இருக்கிறது.

பதினேழு வருடம் பழைய மொழியில் எழுதியவள் நான்.
பக்கம் கேட்டால் பக்கம் கொடுப்பேன்,
தட்டில் வைத்து, முழுசாக.
இங்கே பக்கம் என்றே ஒன்று இல்லை.
துண்டுகள். துண்டுக்குள் துண்டு.
ஒவ்வொன்றும் தன் தாய் ஊட்டியதை மட்டும் தின்கிறது,
பக்கத்துப் பிள்ளையின் தட்டைப் பார்ப்பதே இல்லை.
ரெண்டு வாரம் போதும் என்றான் ஆபீசில் தோர்னிகே.
அவனுக்கு இருபத்து நாலு.
ரெண்டு வாரம் அவனுக்கு நீளமானது.

பொத்தான் வைத்தேன்: கொடுத்தாயிற்று.
அழுத்தினால் சிவப்புப் பெயர் பச்சையாக வேண்டும்.
அழுத்தினேன்.
கன்சோலில் அறுபது.
திரையில் பூஜ்யம்.
கன்சோலில் நூற்றிருபது, நூற்றெண்பது,
சியாலா ஒருத்தியே முழு லிஃப்டையும் வாங்கிவிட்டாள்,
திரையில் அவள் இன்னும் கடன்காரி.
நாலு ராத்திரி.

விஷயம் இவ்வளவுதான்:
பெட்டிக்குள் கைவிட்டு மாற்றினால் அதற்குத் தெரியாது.
அதே பெட்டிதானே என்று போய்விடும்.
பழையதைப் பிரதி எடுத்து,
பிரதியில் திருத்தி,
புதுப் பெட்டியாக நீட்ட வேண்டும்.
அப்போதுதான், அட, மாறிவிட்டதா என்று
மறுபடி வரையத் தொடங்கும்.

அன்றைக்குத்தான் மாமுகா வீடியோவில் வந்தான்.
போலந்தில் கிடங்கு வேலை, மூன்றாவது குளிர்காலம்.
என்னை ஒரு சுற்றுப் பார்த்தான்.
அப்படியே இருக்கிறாய் என்றான்.
பாராட்டாகத்தான் சொன்னான்.

ஒன்றரை மணிக்கு
பட்டியலுக்கு முன்னால் மூன்று புள்ளிகள் வைத்தேன்.
சியாலா பச்சையானாள்.
தனியாகக் கைதட்டியிருக்கிறேன் போல,
கீழ்வீட்டிலிருந்து ரேடியேட்டரைத் தட்டினார்கள்.

லம்சீராவிடம் சொல்லியிருக்கக் கூடாது.
சனிக்கிழமை என் சமையலறையில் ஆறு பேர்,
ஏழு மாடி ஏறிய மூச்சிரைப்போடு.
இது பயிற்சிக்கு மட்டும் என்றேன்.
டேட்டாபேஸ் இல்லை,
எல்லாம் நினைவில்தான் நிற்கிறது,
சேமிப்பது பதினோராம் பாடத்தில் வரும் என்றேன்.
அவர்கள் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கொடுத்தவர்களுக்குத் தங்கள் பெயர்
இவ்வளவு அழகு என்று அதுவரை தெரியாது.

ஒன்பதாம் மாடி வாஜா மட்டும் சிவப்பு.
அவர் ஒன்றும் பேசவில்லை.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்,
பெயரைத் தேடுகிறவர் போல மேசையில் கை ஊன்றினார்,
ஊன்றிய இடத்தில் ரீலோட் பொத்தான்.

எல்லோரும் சிவப்பு.

நான் கொடுத்தேன், என் கையால் கொடுத்தேன் என்று
பத்ரி கத்துகிறார்,
சியாலா என் நாற்காலியைப் பிடித்து உலுக்குகிறாள்.
வாஜா நிமிர்ந்தார்.
இப்போதுதான் கணக்கு சரியாக இருக்கிறது என்றார்.

லம்சீரா அக்குளிலிருந்து நாட்காட்டியை எடுத்து விரித்தாள்.
கொண்டுவந்துதான் இருக்கிறாள்.
முதல் மாடியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்,
நான் அடிக்கத் தொடங்கினேன்.
மெதுவாக அடி பெண்ணே, என்றார் வாஜா,
என் மாடி வர
இன்னும் நேரம் இருக்கிறது.