நாலு கேள்வி தூரம்

மூன்றடைப்பு தாண்டியதும் கோபுரம் மாறும்.
முன்கண்ணாடியில் ஒட்டிய நாலு போன், மடியில் கணினி.
மைதீன்பிச்சை அண்ணன் அறுபதுக்கு மேல் விடமாட்டார்;
விட்டால் என் கணக்கு கெடும்.

பழைய மென்பொருள் உள்ள போன்
புதுக் கோபுரத்திடம் இப்படித்தான் பேசும்:
இருக்கேன்.
யாரு?
இன்ன நம்பர் சிம்.
அப்படியானால் இந்தப் புதிரை அவிழ்.
அவிழ்த்தாச்சு.
சரி, இந்தா உனக்கொரு முகவரி.
இவ்வளவும் முடிந்த பிறகுதான்
முதல் சொல் கிளம்பும்.
மூன்று புள்ளி எட்டு விநாடி.
பனகுடிப் பக்கம், காற்றாடிகளுக்கு நடுவே,
ஐந்தரை.

எங்களுக்கு வேலை அதைச் சுருக்குவது.
ஒருமுறை அவிழ்த்த புதிருக்குக் கோபுரம் ஒரு சீட்டுத் தரும்.
போன் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.
மறுமுறை வணக்கமும் விஷயமும் சீட்டும்
ஒரே உறையில் போகும்.
கோபுரம் தடவிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கும்.
அரை விநாடி. சில சமயம் அதுகூட இல்லை.

வள்ளியூருக்கு முன்னால் ஒரு விலக்கில் டீ சொன்னேன்.
கடைக்காரர் கிளாஸைக் கழுவிக் கையில் எடுத்தார்.
ஊற்றவில்லை.
"எந்த ஊரும்மா?"
களக்காட்டுப் பக்கம்.
"களக்காட்டுல எங்கன?"
சொன்னேன்.
"அப்பா என்ன பண்ணுதாவ?"
மின்வாரியம்.
"அது சரி. கொடை எந்தக் கோயில்ல குடுப்பிய?"

அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
அவரிடம் இத்தனை கேட்கமாட்டார்கள்,
பேரிலேயே முடிந்துவிடும்.

கோயிலைச் சொன்னேன்.
கிளாஸ் அலமாரிக்குத் திரும்பிப் போயிற்று.
டீ வந்தது, காகிதக் கப்பில்.
பழக்கதோஷம், கட்டைவிரல் எப்போதோ
கடிகாரத்தை அமுக்கியிருந்தது:
நாற்பத்தோரு விநாடி.

அடுத்த செவ்வாய் புது மென்பொருளோடு அதே சாலை.
மூன்றடைப்பில் அரை விநாடி.
பனகுடியில் எழுநூறு மில்லி,
காற்று பேயாய் அடித்தும்.
தலைமை அலுவலகத்துக்கு உடனே அனுப்பினேன்,
அங்கிருந்து கைதட்டும் பொம்மை ஒன்று வந்தது.

திரும்பும்போது அதே விலக்கு.
கடைக்காரர் என்னைப் பார்த்தார்.
ஊர் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கவில்லை,
கை நேராகக் காகிதக் கப்புக்குப் போயிற்று.
நாலு விநாடி.

நினைவு வைத்துக்கொண்டால் வேகம் கூடும்,
அறிக்கையில் நான் எழுதிய வரிதான்.

"கிளாஸ்ல குடுங்கண்ணே" என்றேன்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.