ஏழடி நீளம்

ஏலத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை.
ஆயிரத்து நூறு டாலர். கறுப்பு ப்யூக்,
தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாடல், சவ வண்டி.
பியூப்லோ நகரில் பாதிப் பேரை
மேட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டது.
பின்கதவைத் திறந்தேன்.
ஏழடி நீளம், நாலடி அகலம், ஒரு வாசனையும் இல்லை.
முதலில் மனசில் வந்ததைச் சொல்ல வெட்கம்தான்:
எத்தனை வூஃபர் பிடிக்கும்!

கடைக்கார டெல்பர்ட் டேப்பை இழுத்தான்.
"நாலு பதினெட்டு அங்குலம்" என்றான், கண்ணில் பண்டிகை.
எனக்குச் சம்பளம் எஃகு ஆலையில், இரவு ஷிஃப்டில்.
இரண்டு பன்னிரண்டு போதும் என்றேன்.
பந்தியில் இலையோடு எழுப்பப்பட்டவன் முகம் அவனுக்கு.

ஆம்ப்ளிஃபயர் அட்டையில்
மூவாயிரம் வாட் என்று தீப்பிழம்பு எழுத்து.
திருப்பிப் பார்த்தேன். ஃபியூஸ் அறுபது ஆம்பியர்.
பன்னிரண்டால் பெருக்கினால் எழுநூற்றிருபது,
அதிலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும்.
வாய் மூவாயிரம், வயிறு அறுநூறு.
இந்த மாதிரி ஆளோடு இரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறேன்.
பக்கத்தில் வாயடக்கமாய் ஒன்று இருந்தது,
ஆயிரம் என்று சின்ன எழுத்தில்,
நூறு ஆம்பியர் ஃபியூஸோடு.
விலை கூட. எடுத்தேன்.

ஒவ்வொரு வூஃபருக்கும் இரண்டு சுருள், நாலு நாலு ஓம்.
எல்லாவற்றையும் பக்கம் பக்கமாய்க் கட்டினால் ஒரு ஓம்.
ஆம்ப் தன்னை முழுசாய்க் கொடுக்கும்,
கொடுத்துக் கொடுத்துக் காயும்.
"ஒரு ஓமில் ஓடும், ரோமெல்டா."
"ஓடும். ஜூலையில்?"
பதில் சொல்லாமல் பேனாவை மூடினான்.
ஒரு ஓம் என்றே எழுதிக்கொண்டோம்.
சிக்கனம் எல்லா இடத்திலும் முடிவதில்லை.

பெட்டிதான் வழக்கு.
மூடியதா, துளை வைத்ததா?
மூடியது அளந்து பேசும்,
அடித்த அடி அங்கேயே முடியும்.
துளை வைத்ததில் காற்று போய் வரும்,
முப்பத்திரண்டு ஹெர்ட்ஸில் தரை நகரும்,
இடம் மட்டும் இரண்டு மடங்கு கேட்கும்.
"இடமா? இந்த வண்டியிலா?" என்று சிரித்தவன்
சிரித்ததற்காகத் தொப்பியைக் கழற்றினான்.

மிஞ்ச வேண்டியது நாலு கன அடி.
காந்தம் அடைக்கும் இடத்தைக் கழி,
துளைக்குழாயைக் கழி,
நடுவே முட்டுக்கட்டை, அதையும் கழி.
கழித்து மிஞ்சும் வெறுங்காற்றுக்குத்தான்
இத்தனை பலகை, இத்தனை பசை, இத்தனை திருகு.
மேலே ஒட்ட என்ன துணி?
கறுப்பு வேண்டாம் என்றேன்.

தரையில் உருளைகள் இருந்தன,
பழைய பெட்டிகள் வழுக்கி ஏற.
முதல் பாட்டுக்கே பதினெட்டும் பல்லைக் கடித்தன.
கழற்றி ஒரு காபி டப்பாவில் போட்டேன்.
எறிய மனசில்லை, எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.
இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, வீட்டு வாசலில் சோதனை.
எதிர்வீட்டு எர்னஸ்டீன் தெருவைக் கடந்து வந்தாள்.
திட்டத்தான் வருகிறாள் என்று ஒலியைக் குறைத்தேன்.
"போன மார்ச்சில் லாலோ போனது இதில்தானே?"
ஆமாம் என்பதா, தெரியாது என்பதா.
அவளே பின்கதவுக் கைப்பிடியில் ஒரு கீறலைத் தடவி
"என் மோதிரம்" என்றாள்.

முன் இருக்கை வேண்டாமாம்.
பின்னால் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு,
ஊதாத் துணியில் கன்னம் வைத்துச் சாய்ந்தாள்.
"போடு, அந்த அடிக்கிறதை."
போட்டேன். கூட்டச் சொன்னாள். கூட்டினேன்.
ஒவ்வொரு அடிக்கும் முகப்பு விளக்கு மங்கி எரிந்தது.
ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும், அது அடுத்த சம்பளம்.
தெருவெங்கும் நாய்கள், ஜன்னல்கள்.
ஒரு பாட்டு முழுக்க அவள் அசையவில்லை.

இறங்கி, செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"இடது பக்கம் எதுவோ ஆடுது.
அவன் வெல்டர். இருந்தால்
இதைச் சரி பண்ணாமல் உன்னைத் தூங்கவிட்டிருக்க மாட்டான்."

நம்பர் பிளேட். இரண்டு திருகு.
டார்ச்சை அவள் பிடித்தாள்.