பாதி அட்டை

ஏழாம் லேனில் இரவு ஷிஃப்ட்.
பெங்களூர் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு லாரியும்
ரெண்டு சூரியனைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

முதலில் வலி வராது. கோட்டைதான் வரும்.
இடது கண்ணின் ஓரத்தில் பல் பல்லாய் ஒரு மதில்,
பகலில் கிருஷ்ணகிரி மலைமேல் தெரிவது மாதிரியே.
ஆனால் இது மினுங்கும், வளரும்,
வண்டி நம்பரில் பாதியைத் தின்றுவிடும்.
இருபது நிமிடம்.
அதற்குள் எவனாவது ஹாரனை அழுத்திவிட்டால்
அன்றைய இரவு அவ்வளவுதான்.

மாங்கூழ் கம்பெனி கொடுத்த காலண்டரில்
வலித்த நாளுக்கெல்லாம் வட்டம் போடச் சொன்னார் டாக்டர் கிரிஜா.
ஆடியில் இருபத்திரண்டு.
"வட்டம் இல்லாத நாளை எண்ணுறது சுலபம் மேடம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதினார்.

ஆறு வருடமாய் எழுதுகிறார்கள்.
என் தலைக்கென்று பிறந்த மாத்திரை ஒன்றுமில்லை போல,
எல்லாம் வேறு யாருடைய நோய்க்கோ செய்தவை.
வலிப்புக்கான அட்டையைப் பார்த்துவிட்டு
நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி முடித்தாள்.
இன்னொன்று விரல்நுனியில் எறும்பு விட்டது,
சோடாவைச் சப்பென்று ஆக்கியது,
ஒரு கார்க்காரரிடம் "சில்லறை" என்ற சொல் வராமல்
கையை விரித்துக் காட்டி நின்றேன்.
ரத்த அழுத்தத்துக்கானது கொஞ்சம் கேட்டது.
எழுந்து நின்றால் மட்டும் பூத் சுழன்றது.

இந்த முறை டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்:
"இதை அதிகம் யாரும் எழுதறதில்ல. சிலருக்குக் கேக்குது.
மூணு மாசம் பொறுக்கணும், முனிலட்சுமி."

ஆஸ்பத்திரியில் இல்லை. ரவுண்டானா பக்கம் நாலு கடையில் இல்லை.
பழையபேட்டையில் நயாஸ் பாய்
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வீட்டுல யாருக்கு ஞாபக மறதி?"
எனக்குத்தான் பாய், மறக்க முடியாத தலைவலி.

ஒரே ஒரு அட்டை இருந்தது. பத்து மாத்திரை.
அதற்கே கை நீட்டி நின்றார் இன்னொருவர்,
ராயக்கோட்டைத் தக்காளி வண்டிக்காரர்,
சட்டையில் காய்ந்த விதை.
அவர் அப்பாவுக்காம்.
விடியுமுன் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறாராம்,
விற்றுவிட்ட நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச.
உங்களுக்கு எதற்கு என்று கேட்டார்.
லைட் என்றேன், ஹாரன் என்றேன், ஏழாம் லேன் என்றேன்.

பாய் கத்திரிக்கோலை எடுத்தார்.
அவருக்கு ஐந்து, எனக்கு ஐந்து.
மருந்தின் பெயர் அவர் பாதியில் போனது,
காலாவதித் தேதி என்னிடம்.
திங்கட்கிழமை சரக்கு வரும் என்றார்.

புரட்டாசியில் பதினேழு வட்டம். ஐப்பசியில் பதினான்கு.
மருந்தா, மழையில் வெயில் தணிந்ததா, தெரியவில்லை.
வெற்றி என்று சொல்ல வாய் கூசுகிறது.
மறதிக்கான மாத்திரையை மறக்காமல் போட
போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

நேற்று மூன்று மணிக்கு ஒரு மினிலாரி
தூரத்திலேயே விளக்கைத் தணித்துக்கொண்டு வந்தது.
யாரும் செய்வதில்லை அதை.
அவர்தான். பின்னால் கிரேட் கிரேட்டாய்த் தக்காளி,
பக்கத்தில் மஃப்ளர் சுற்றிய பெரியவர்.
"காசு குடுத்தியா?"
"ஃபாஸ்டேக்குப்பா. குடுத்தாச்சு."
தடுப்பு உயர்ந்தது.
வண்டி நகரும் முன் பெரியவர் என் பக்கம் குனிந்தார்.
"குடுத்தானா?"

குடுத்தாருங்க என்றேன்.

"நல்லா எண்ணிப் பாத்துக்கம்மா."