இதர வரவு

கடலுக்கு என் பேரேட்டில் ஒரே ஒரு வரி.
தேவனாம்பட்டினம்: வண்டி நிறுத்தம், கழிப்பிடம், கடை வாடகை
மூன்றையும் கூட்டி
'இதர வரவு' என்று போட்டுவிடுவேன்.
மேலே சொத்து வரி, கீழே குடிநீர்க் கட்டணம்,
நடுவில் அலை.

ஞாயிறு மாலை ரசீதுக் கட்டைச் சரிபார்க்கப் போனேன்.
கஜவரதன் இடுப்பில் பை, வாயில் பேனா மூடி.
காருக்கு முப்பது, பைக்குக்குப் பத்து.
நெய்வேலி வண்டி, பண்ருட்டி வண்டி,
கர்நாடகப் பதிவெண்ணோடு ஒரு வேன்.
வேன்காரர் கண்ணாடியைப் பாதி இறக்கிக் கேட்டார்:
"கடலப் பாக்கக் காசா?"
"கடல் சும்மாதான் சார்.
வண்டி நிக்கிற எடத்துக்குத்தான்."
ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிறானாம்.
இத்தனை தெளிவாய் எழுதிய ஒரு தீர்மானத்தை
மன்றக் கோப்புகளில் நான் படித்ததில்லை.

"சரி, இந்தக் காசு எங்கப்பா போவுது?"
கஜவரதன் என்னைப் பார்த்தான்.
நான் கடலைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில்
மின்விசிறிக்குக் கீழே செலவுப் பக்கத்தைத் திருப்பினேன்.
டிராக்டருக்கு டீசல்.
மணலில் பொறுக்கும் பதினோரு பெண்களுக்குக் கையுறை;
ஆறு ஜோடி வந்தது, ஐந்து பாக்கி.
உயர்கோபுர விளக்கு இரண்டு,
எரிவதற்கும் எரியாததற்கும் ஒரே பராமரிப்புத் தொகை.
'இங்கு குளிக்காதீர்' பலகை, மூன்றாம் முறையாக.
வந்தவர்கள் கொடுத்ததில் பாதிக்கு மேல்
வந்தவர்கள் போட்டதை அள்ளவே சரியாய்ப் போகிறது.
மீதி
ஆம், மீதி என்று ஒன்று இருந்தது.
நம்பாமல் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டினேன்.
அது பொது நிதிக்குள் இறங்கிவிட்டிருந்தது
கெடிலம் உப்புக்குள் இறங்குவதுபோல.
அப்புறம் எந்தச் சொட்டு எந்த ஊர்க்காரருடையது?
அந்த மாதம் வண்ணாரப்பாளையத்தில்
ஒரு சாக்கடைக்கு சிமெண்ட் மூடி போட்டோம்.
மதியம் போய்ப் பார்த்தேன்.
அதன்மேல் ஒரு ஆடு நின்றது.
வேன்காரரிடம் சொல்லியிருக்கலாம்:
உங்கள் முப்பது ரூபாய்
அதன் முன்னங்கால் ஒன்றைத் தாங்குகிறது.

மாசி மகத்துக்கு மட்டும் கணக்கு தலைகீழ்.
ஊர் ஊராய்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்.
மாட்டு வண்டியில், டிராக்டரில், தோளில்.
எந்தச் சாமியும் ரசீது கேட்பதில்லை.
மறுநாள் குப்பை பதினேழு லோடு.
"இத்தேதியில் வரவு ஏன் இல்லை?"
தணிக்கையில் சிவப்பு மை கேட்டது.
'விருந்தாளி' என்று எழுதி, அடித்து,
'வழக்கம்' என்று எழுதினேன்.
ஒப்புக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால்
என் வரி இறங்கும்.
கார்த்திகையில் ஒன்பது நாள் பூஜ்ஜியம்.
பூஜ்ஜியத்தையும் ஒன்பது தடவை எழுதவேண்டும்.
அந்த நாட்களில் மணலில் கால்தடமே இல்லை;
அலை பாட்டுக்கு வரிவரியாய்ப் போட்டு
எதையும் கூட்டாமல் அழித்துக்கொண்டிருந்தது.
எனக்குப் பொறாமையாய் இருந்தது, கொஞ்சம்.

போன வாரம் விடுப்பில், மகளோடு, ஸ்கூட்டியில் போனேன்.
"நீங்க போங்க மேடம்" என்றான் கஜவரதன்.
பத்து ரூபாயை நீட்டியபடியே நின்றேன்.
பின்னால் ஹாரன்.
கிழித்துக் கொடுத்தான், முகம் சுளித்து.
40718.
மகள் அதில் கப்பல் செய்யக் கேட்டாள்.
அடிக்கட்டை அவனிடம் இருக்கிறதே என்று
கொடுத்துவிட்டேன்.