மூன்றாம் விளக்கு வரை

திபிலிசி நகரத்தின் அடிவயிற்றில்,
மெட்ரோ ரயில் வந்து மூச்சு விடும் இடத்தில்
என் கண்ணாடிக் கூண்டு.
ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு சிவப்புப் பொத்தான்,
அப்புறம் நான், மக்வாலா.
எஸ்கலேட்டர் நடக்கும்.
நான் உட்கார்ந்திருப்பேன்,
பன்னிரண்டு மணி நேரம்.
அதற்குத்தான் சம்பளம்.

"வலப்பக்கம் நில்லுங்கள்.
படிகளில் உட்காராதீர்கள்"
என்பேன், உட்கார்ந்தபடியே.

ஓடுகிறவர்களை எல்லாம் தெரியும் எனக்கு.
எட்டேகாலுக்கு வரும் வங்கிக்காரன்
ஒரு கையில் சீஸ் வழியும் கச்சாபுரி,
இன்னொரு கையில் போன்,
இரண்டிரண்டு படியாய்த் தாவி ஏறுவான்.
மெல்லுவதை நான் பார்த்ததில்லை,
விழுங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன்.
இரவு வேலை முடிந்த நர்ஸ் ஒருத்தி
கைப்பிடியில் தலை சாய்த்து
தூங்கிக்கொண்டே இறங்கி வருவாள்.
கடைசிப் படிக்கு முன்னால்
கண்ணாடியைத் தட்டி எழுப்புவேன்.
அது சம்பளத்தில் சேராது.

இவர்கள் உடம்பெல்லாம் என்ன ஆகும் என்று
கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள்தான்,
டாக்டர் தெக்லே என் கையில் பட்டை கட்டிக்
காற்றடிக்கும் வரை.

நூற்று எழுபத்தெட்டு.
என்ன வேலை?
எஸ்கலேட்டரைப் பார்த்துக்கொள்கிறேன்.
படி ஏறுவீர்களா?
அதுதான் ஏறுகிறதே.

அவர் சிரிக்கவில்லை.
சீட்டில் மூன்று சொல் எழுதினார்:
உப்பு. தூக்கம். நடை.
கடைசிச் சொல்லுக்கு மட்டும்
இரண்டு கோடு.

சுல்குனிப் பாலாடைக்கட்டியை
இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டேன்.
விடிந்தபோது உப்பு போயிருந்தது,
ருசியும் துணைக்குப் போயிருந்தது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றால்
குப்பைக்குமா பிடிக்காது?
முற்றத்து நாய் முகர்ந்து பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தது.
இப்போது அரை மணிதான் ஊறுகிறது,
மேலே கொஞ்சம் புதினா.
டாக்டரிடம் சொல்லவில்லை.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
பக்கத்து அறையில் என் அண்ணன்
டிவியை அணைப்பதில்லை.

நடை.
நள்ளிரவில் கடைசி ரயில் போனதும்
ஜும்பேர் இயந்திரத்தை நிறுத்துவான்.
நின்றுபோன எஸ்கலேட்டரில்
முதல் அடி வைத்துப் பாருங்கள்.
தடுமாறும்.
இது தன்னைத் தூக்கிக்கொண்டு போகும் என்று
இருபத்தாறு வருடம் நம்பிய உடம்பு
முன்னால் சாய்ந்து
ஏமாந்து நிற்கும்.

கைப்பிடிகளுக்கு நடுவே வரிசையாய் விளக்குகள்,
மொத்தம் இருபத்திரண்டு.
முதல் நாள் ஒன்று.
நெஞ்சு மேளம் கொட்டியது.
கீழேயிருந்து ஜும்பேர்,
"அக்கா, ஓட்டிவிடட்டுமா?"
வாயை மூடு என்று சொல்லக்கூட
மூச்சில்லை.
சீக்கிரம் ஓட்டு என்று கையை ஆட்டினேன்.

இரண்டாம் வாரம் மூன்று விளக்கு.
நவம்பரில் காய்ச்சல்.
எழுந்த பிறகும் ஐந்து இரவு
மகாராணி மாதிரி நின்றுகொண்டே மேலே போனேன்.
ஆறாம் இரவு மறுபடியும்
ஒன்றிலிருந்து.

நேற்று மூன்றாம் விளக்கில் நின்றபோது
அதன் கண்ணாடிக் குமிழுக்குள்
செத்த பூச்சிகள் கிடப்பதைப் பார்த்தேன்.
தினமும் இரண்டு தடவை கடந்து போயும்
கண்ணில் பட்டதில்லை.

இன்று காலை எட்டு இருபதுக்கு
ஒரு பையனின் ஷூ லேஸ் பல்லில் மாட்டியது.
சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.
எல்லாம் நின்றது.
நூறு பேர் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள்,
நூறு வாயும் முணுமுணுத்தன.
லேஸை அறுத்துப் பையனை விடுவித்து
ஜும்பேர் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

நடுவில், ஒன்பதாம் விளக்கருகே
வங்கிக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான்,
மேலே பார்த்தான்.
போனைப் பைக்குள் போட்டான்.
பிறகு கால்சட்டை அழுக்காவதையும் பாராமல்
படியில் உட்கார்ந்து
கச்சாபுரியைப் பிட்டு
வாயில் வைத்தான்.

மைக்கை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

மெல்லட்டும்.