ஐந்தாவது பெயர்

ஐந்து பெயர் கேட்கிறது படிவம்,
விருப்ப வரிசையில்.
பெற்ற பிள்ளைக்கே
ஒன்றுக்கு மேல் யோசித்ததில்லை நான்.

கீழமாரட் வீதி, வெங்காயக் கிட்டங்கி,
கணக்கெழுதும் மேசை.
பாக்கி எழுதும் அதே பேனாவால்
முதலில் எழுதினேன்: சுமை.
அப்புறம் தோள்.
அப்புறம் நாட்கூலி.
நாலாவதாக, விடிகாலை லாரி.
ஐந்துக்கு ஒன்றும் ஓடவில்லை.
நாசிக் லோடு இறக்கிக்கொண்டிருந்த சிக்கந்தர்
மூட்டைக்கு அடியிலிருந்து சொன்னான்:
“வெங்காயம்னு போடுக்கா.”
போட்டேன்.

நான்கு பக்கம். மாதம் ஒரு தடவை.
விலை இரண்டு ரூபாய்.
இதற்கு டெல்லி சம்மதிக்க வேண்டும்.

நாலு மாதம் கழித்துச் சம்மதித்தது.
சுமை ஏற்கனவே திருப்பூரில் ஒருவர் பெயரில் இருக்கிறதாம்;
இதழ் நின்று பதினோரு வருடம்,
பெயர் மட்டும் பூட்டிய வீடு.
தோள், வேறெதுவோடோ ஒலி ஒத்துப்போகிறது.
நாட்கூலிக்குக் காரணம் சொல்லவில்லை.
விடிகாலை லாரி
பத்திரிகைப் பெயர் போல் இல்லை.
வெங்காயத்துக்கு ஆட்சேபணை இல்லை.

வீதியே சிரித்தது.
“போடா வெங்காயம்” என்று திட்டிய வாயெல்லாம்
சந்தா எவ்வளவு என்று கேட்டது.
உரித்தால் ஒன்றுமில்லை என்பவர்கள்
ஒரு மூட்டை தூக்கிப் பார்த்ததில்லை.

பிறகு உறுதிமொழிப் பத்திரம்.
அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார்,
எந்த மொழி, எந்த முகவரி.
சிம்மக்கல் நூர்தீன் பிரஸ்காரர்
கையெழுத்துப் போடும்முன் மூன்று தடவை கேட்டார்,
“அரசியல் இல்லையேம்மா?”
கிட்டங்கி முதலாளி
முகவரி தரமாட்டேன் என்றார்.
என் வீட்டுக் கதவு எண்ணையே கொடுத்தேன்,
குளியலறை பொதுவாக உள்ள
ஏழு குடித்தனத்தில் ஐந்தாவது.

விசாரிக்க ஒரு ஏட்டையா வந்தார்,
விளக்குத்தூண் ஸ்டேஷன்.
“ஆசிரியர் யாரு? வீட்டுக்காரரா?”
நான்தான்.
“எதப் பத்தி எழுதுவீங்க?”
வெங்காயம்.
“வெலவாசியா?”
அதுவும்.
நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.
படியிறங்கிப் போனவர் திரும்பி வந்தார்.
“எங்க குவார்ட்டர்ஸ் மூணு மழையா ஒழுகுது.
பேரு போடாம எழுத முடியுமா?”
பேரு போடத்தான் சார் பத்திரிகையே
என்று வாய்வரை வந்தது.
டீ சொன்னேன்.

கலெக்டர் ஆபீசில் இரண்டு செவ்வாய்க்கிழமை.
நீதி நடுவர் நிமிர்ந்து பார்க்காமல்
“இது உங்க கையெழுத்துதானே?” என்றார்.
முத்திரை விழுந்தது.
வெளியே வந்து விரித்தால்
அன்னக்கொடி, அன்னகோடி ஆகியிருந்தாள்.
ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த வழியில்
கோடீஸ்வரியாகி விட்டேன்,
சம்பளம் இரண்டாயிரத்து நானூறு.
திருத்த வேறு படிவம் உண்டாம்.
வேறு கவுன்ட்டர்.
நிரப்பினேன்.
பெயர் விஷயத்தில்
எனக்குச் சலிப்பு வருவதில்லை இப்போது.

முதல் இதழ், முதல் பக்கம், முதல் செய்தி
இப்படித்தான் வந்தது:

திருத்தம்.
போன ஆடியில் நாளிதழ் ஒன்றில்
‘மூட்டை சரிந்து கூலித் தொழிலாளி பலி’ என்ற
நாலு வரிச் செய்தியில்
காசிநாதன், வயது ஐம்பது என்று இருந்தது.
அது தவறு.
அவர் காசிமாயன்.
சொந்த ஊர் கருமாத்தூர்.
வயது முப்பத்தெட்டு.
மூட்டை சரியவில்லை;
அடுக்கு பதினாறு வரிசை, அளவு பத்து.

கடைசிப் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் சட்டம் கேட்ட வரி,
அச்சிட்டது, வெளியிட்டது, ஆசிரியர்.
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
அரசாங்கத்துக்கு ஒரு பிரதி, தபால் ரசீதோடு.

மறுநாள் காசிமாயன் சம்சாரம் ஒச்சம்மா
கிட்டங்கிக்கு வந்தாள்.
சிக்கந்தர் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினான்.
காசிமாயன் என்ற இடத்தில்
விரலை வைத்துக்கொண்டாள், எடுக்கவில்லை.
முழுதும் கேட்டாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

“முப்பத்தொம்போது, தாயி.
சித்திரையிலயே முடிஞ்சிருச்சு.”

பேனாவை எடுத்தேன்.
இரண்டாம் இதழுக்கு
முதல் செய்தி கிடைத்துவிட்டது.