மூன்றாம் பாடவேளை

வியாழன், மூன்றாம் பாடவேளை, சமயம்.
மணி அடித்ததும் ஏழாம் வகுப்பு பிரிகிறது:
ரோமன் கத்தோலிக்கம் நூலகத்துக்கு,
கிறிஸ்தவம் மண்டப மூலைக்கு,
சைவநெறி இருந்த இடத்திலேயே.
இஸ்லாம் ஒருத்திதான், நுஸ்லா.
ஆசிரியர் வெற்றிடம், மூன்று வருடமாக.
வெயில் நாளில் அவளுக்குச் சவுக்கு மரத்தடி.
இன்று பொகவந்தலாவையில் மழை.
கடைசி வாங்கில்
சித்திரக் கொப்பியை விரித்துக்கொண்டாள்.

நான் கணிதம் படித்தவள்.
நேரசூசியில் ஓட்டை விழுந்ததால்
சைவநெறி என் தலையில் விழுந்தது.

"உங்கள் ஊர்க் கோயில் தெய்வம் எது?"
விதுர்ஷன் எழுந்தான்.
"ரோதமுனி, டீச்சர். பெக்டரியில இருக்காரு."
சிரிப்பு.
ஆசிரியர் வழிகாட்டியைப் புரட்டினேன்.
பிள்ளையார் உண்டு, முருகன் உண்டு,
பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று
சுருட்டும் சாராயமும் கேட்கிறவர்
எந்தப் பக்கத்திலும் இல்லை.
சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்தேன்.
மூடினேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்:
"இருக்காரு டீச்சர்.
மெஷின் போடுற அன்னைக்கி
வாப்பா கடையிலதான் தேங்கா எடுப்பாங்க.
முதத் தேங்காய்க்கு
வாப்பா காசு வாங்க மாட்டாரு."
சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்,
அடுத்த வீட்டுப் பானையைத்
திறந்து பார்த்துவிட்டவள்போல.

சரி போட்டேன்.
விதுர்ஷனுக்கு ஐந்துக்கு ஐந்து.
அவளுக்குப் புள்ளி போட
என் பதிவேட்டில் கட்டம் இல்லை,
பெயருக்கு நேரே
வழமைபோல் ஒரு கோடு.

தகரத்தில் மழை; மணி கேட்கவேயில்லை.
கத்தோலிக்கம் நனைந்து ஓடிவந்தது
சப்பாத்துச் சேற்றோடு.
பின்னாலேயே கிறிஸ்தவம்.
அடுத்தது கணிதம்.
முப்பத்தெட்டுப் பேரும் நெருங்கி உட்கார்ந்து
என் அழிறப்பரை எவன் எடுத்தான் என்று
ஒரே சண்டை.